பிளாஸ்மாவுக்குள்ள எட்டிப் பாக்கிற நியூட்ரல் பீம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்ல படிவம் 6 பிள்ளைங்களுக்கு பிஸிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். அணுக்கரு பாடம் வந்தாலே ஃபியூஷன் பத்தி கேள்வி வந்துடும், அதுல எனக்கு ரொம்ப புடிச்சது நியூட்ரல் பீம்தான் (மின்னூட்டம் இல்லாத அணுக்கள வேகமா ஃபியூஷன் மெஷினுக்குள்ள சுடுறது), அதனால அதையே பேசிட்டிருப்பேன், பிள்ளைங்க அத வீட்டுல போய் சொல்ல, அப்புறம் அப்பா அம்மா, மாமா, செம்பனை மில்லுல வேலை செய்ற அண்ணன்மாருன்னு எல்லாரும் வாட்ஸ்அப்ல கேக்குறாங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க சேத்து எழுதியிருக்கேன். எந்த கேள்வி வேணுமோ அத மட்டும் படிச்சாலும் போதும்.

மொதல்ல ஃபியூஷன்னா என்ன டீச்சர், சுருக்கமா சொல்லுங்க?

லேசான ரெண்டு அணுக்கரு ஒண்ணா சேந்து கனமான ஒண்ணா ஆகுறது, அப்போ சக்தி வெளிய வருது. சூரியன்ல நடக்கிறது அதுதான். பூமியில செய்றதுக்கு கொஞ்சம் சுலபமான ஜோடி டியூட்டீரியமும் டிரிட்டியமும், ரெண்டும் ஹைட்ரஜன் வகைதான், சேந்தா ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் வரும், ஒவ்வொரு தடவைக்கும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல சக்திய அளக்கிற அலகு) கிடைக்கும். ஆனா ரெண்டுமே பிளஸ் மின்னூட்டம், ஒண்ண ஒண்ணு தள்ளும், அதையும் மீறி மோத வைக்கணும்னா 10 கோடி, 15 கோடி டிகிரி சூடு வேணும். அந்த சூட்டுல அணுவுல எலக்ட்ரான் ஒட்டி இருக்காது, எல்லாம் பிரிஞ்சு பிளாஸ்மா ஆயிடும். அத காந்தப்புலத்தால சுவர்ல படாம புடிச்சு வைக்கிற வளைய வடிவ மெஷின் பேரு டோகாமாக். இங்கிலாந்துல கல்ஹம்ல இருந்த ஜெட் டோகாமாக் 2023ல சுமார் 5 விநாடியில 69 மெகாஜூல் ஃபியூஷன் சக்தி குடுத்துட்டு, அந்த வருஷ கடைசியில வேலைய நிறுத்திக்கிச்சு. பிரான்ஸ்ல கட்டிட்டிருக்கிற ஐட்டர் அதவிட ரொம்ப பெருசு.

சரி, அந்த சூட்ட எப்படி அளக்கிறாங்க? கம்பி எதாவது உள்ள விடலாமா?

விட முடியாது. ஓரத்துல, அதாவது சூடு கம்மியா இருக்கிற விளிம்புல, ஒரு நொடிக்கும் கம்மியா ஒரு சின்ன கம்பிய நீட்டி இழுத்துக்கிறது உண்டு, ஆனா நடுவுல எந்த பொருளும் தாங்காது. அதோட, பொருள் ஆவியாகி உள்ள கலந்துச்சுன்னா பிளாஸ்மாவே குளுந்து போயிடும். இன்னொரு விஷயம் இங்க நிறைய பேருக்கு தெரியாது: இந்த பிளாஸ்மா காத்தவிட ரொம்ப ரொம்ப மெல்லிசு, ஒரு கன மீட்டர்ல சுமார் 10ன் அடுக்கு 20 துகள்தான் இருக்கும், நாம சுவாசிக்கிற காத்துல அதவிட ரெண்டரை லட்சம் மடங்கு அதிகம்.

நடுவுல இருக்கிற பிளாஸ்மா தானா வெளிச்சம் குடுக்குமே, அத பாத்தா போதாதான்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. ஆனா அங்கதான் சிக்கல். ஹைட்ரஜன்லயும் கார்பன்லயும் ஒட்டியிருக்கிற எலக்ட்ரான்தான் நம்ம கண்ணுக்கு தெரியிற வெளிச்சக்கோட்ட விடும், நடுவுல எல்லா எலக்ட்ரானும் கழண்டு போயிருக்கு, வெறும் கருதான் ஓடிட்டிருக்கு, அதனால நடுப்பகுதி கிட்டத்தட்ட இருட்டா தெரியும், கேமராவுல பாத்தா ஓரம் மட்டும்தான் இளஞ்சிவப்பா மின்னும். அப்போ நடுவுல இருக்கிற கருவுக்கு யாராவது ஒரு எலக்ட்ரான கொண்டுபோய் குடுத்தாத்தான் அது வெளிச்சம் விடும். அந்த வேலைக்குத்தான் நியூட்ரல் பீம்.

ஏன் நியூட்ரல்? அயனையே சுடலாமே, அது வேகப்படுத்த சுலபம்தானே?

வேகப்படுத்த சுலபம், உள்ள நுழையத்தான் முடியாது. மின்னூட்டம் இருக்கிற எந்த துகளும் காந்தப்புலத்துல வளைஞ்சு சுத்த ஆரம்பிச்சிடும், படிவம் 6ல போடுற கணக்கையே போட்டுப் பாருங்க, 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 2 டெஸ்லா புலத்துல சுத்துற வட்டத்தோட ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர் கிட்டத்தான் வரும். பிளாஸ்மாவ உள்ள அடைச்சு வைக்கிற அதே காந்தப்புலம், வெளியில இருந்து வர்ற அயனையும் வாசல்லயே திருப்பி விட்டுடும். மின்னூட்டம் இல்லாத அணுவுக்கு அந்த புலம் ஒரு பொருட்டே இல்ல, நேர் கோட்டுல போகும். (தாலியம், தங்கம் மாதிரி ரொம்ப கனமான அயன சுட்டு உள்ள இருக்கிற மின்னழுத்தத்த அளக்கிற ஒரு முறையும் இருக்கு, அது வேற கதை.)

அதனாலதான் இவ்வளவு சுத்தி வளைச்சு செய்றாங்க: நியூட்ரல் வாயுவ அயன் ஆக்கி, வேகப்படுத்தி, திரும்ப நியூட்ரல் ஆக்கி, அப்புறம் உள்ள அனுப்புறது.

அந்த பீம உண்டாக்குற சோர்ஸ் உள்ள என்னதான் நடக்குது? படிப்படியா சொல்லுங்க.

இத சொல்றதுல எனக்கு எப்பவும் சந்தோஷம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஒரு வேக்குவம் பெட்டி. அதுக்குள்ள கொஞ்சமா ஹைட்ரஜன் வாயுவ விடுவாங்க. மின்வில் மூலமா, இல்லன்னா வெளிய சுத்தியிருக்கிற காயில்ல ரேடியோ அலைவரிசை மின்சாரம் குடுத்து, அந்த வாயுவ பிளாஸ்மா ஆக்குவாங்க. ஆமா, பிளாஸ்மாவ அளக்கிறதுக்கு மொதல்ல இன்னொரு சின்ன பிளாஸ்மா செய்யணும், ஆனா இது குளுந்த பிளாஸ்மா, பிரச்சனை இல்ல. பெட்டி சுவரச் சுத்தி நிலை காந்தம் வச்சிருப்பாங்க, பிளாஸ்மா சுவர்ல பட்டு வீணாகாம இருக்க.

பெட்டியோட ஒரு பக்கத்துல அடுத்தடுத்து மூணு நாலு உலோகத் தட்டு, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல ஓட்டை, எல்லா தட்டோட ஓட்டையும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு இருக்கும். இதத்தான் கிரிட்னு சொல்றாங்க. மொத தட்டுக்கும் கடைசி தட்டுக்கும் நடுவுல 50 கிலோவோல்ட் குடுத்தா, ஓட்டைக்கிட்ட வர்ற அயன் இழுக்கப்பட்டு வெளிய பாயும். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு சின்ன பீம், எல்லாம் சேந்து ஒரு பெரிய பீம். தட்ட லேசா குழிவா செஞ்சுட்டா எல்லா சின்ன பீமும் தூரத்துல ஒரே இடத்துல கூடும்.

வித்தை எங்க இருக்குன்னா, எவ்வளவு வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கிறதுல. அயன்கள் ஒண்ண ஒண்ணு தள்ளுறதால ஒரு எல்லை உண்டு, வோல்டேஜோட ஒன்றரை அடுக்குக்கு ஏத்த மாதிரிதான் கரண்ட் ஏறும், சைல்டு லாங்மியூர் விதின்னு பேரு. வோல்டேஜ ரெண்டு மடங்கு ஆக்குனா கரண்ட் 2.8 மடங்கு ஏறும். பிளாஸ்மா அடர்த்தி அந்த வோல்டேஜுக்கு ஏத்த அளவு இல்லன்னா, கூடினாலும் சரி கொறஞ்சாலும் சரி, பீம் விரிஞ்சிடும். அரை டிகிரி விரிஞ்சாலே 5 மீட்டர் தள்ளிப் போகும்போது 4 சென்டிமீட்டருக்கு மேல விலகியிருக்கும், உள்ள போற வாசலோட ஓரத்துல மோதி பாதி வீணாயிடும். அதனால ஆபரேட்டர் வோல்டேஜையும் வாயுவையும் பிளாஸ்மா பவரையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போக வச்சுக்கிட்டே இருக்கணும்.

புதுசா செஞ்ச கிரிட்டுக்கு ஒரேயடியா முழு வோல்டேஜ் குடுக்க முடியாது, தீப்பொறி பாயும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, பொறி வந்தா மைக்ரோ விநாடிக் கணக்குல சப்ளைய நிறுத்தி, திரும்ப ஏத்தி, அப்படியே மேல்பரப்ப பழக்கணும். கண்டிஷனிங்னு சொல்வாங்க. பொறுமை இல்லாத ஆளுக்கு இந்த வேலை ஆகாது.

அடுத்தது நியூட்ரலைசர். நீளமான ஒரு குழாய், உள்ள கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு. வேகமா வர்ற புரோட்டான், சும்மா நிக்கிற வாயு மூலக்கூறுகிட்ட இருந்து ஒரு எலக்ட்ரான பறிச்சுக்கிட்டு, வேகம் கொறையாம அதே திசையில அணுவா போகும். எல்லாமே மாறாது, மிச்சம் இருக்கிற அயன ஒரு காந்தம் வச்சு வளைச்சு, தண்ணி ஓடுற செம்புத் தட்டுல கொட்டிடுவாங்க. சுத்தமான நியூட்ரல் மட்டும் நேரா டோகாமாக் உள்ள.

இதுக்கு நடுவுல பெரிய பம்ப் ஓடிட்டே இருக்கணும், ஏன்னா நியூட்ரலைசர்ல இருந்து கசியிற வாயு வழியில நின்னா பீம் மறுபடி அயனா மாறிடும், மாறினா டோகாமாக்கோட காந்தப்புலம் அத தூக்கி குழாய் சுவர்ல அடிக்கும். பெரிய மெஷின்ல திரவ ஹீலியத்தால குளுர வச்ச தட்டுல வாயுவ உறைய வச்சு புடிக்கிற பம்ப் வைக்கிறாங்க.

பாதி எனர்ஜி, மூணுல ஒரு பங்கு எனர்ஜின்னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வருது?

சோர்ஸ் பிளாஸ்மாவுல தனி புரோட்டான் மட்டும் இருக்காது, ரெண்டு அணு சேந்த அயனும் மூணு அணு சேந்த அயனும் இருக்கும். எல்லாம் அதே 50 கிலோவோல்ட்லதான் ஓடும், ஆனா நியூட்ரலைசர்ல உடையும்போது எனர்ஜி பங்கு பிரியும், ரெண்டு சேந்தது உடைஞ்சா ஒவ்வொண்ணும் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மூணு சேந்தது உடைஞ்சா 16.7. மெதுவா போறது ஓரத்துலயே நின்னுடும், அளக்கிறதுக்கு அவ்வளவா உதவாது. அதனால நல்ல சோர்ஸ்னா தனி புரோட்டான் எவ்வளவு விழுக்காடுன்னு மொதல்ல கேப்பாங்க.

பீம் உள்ள போனதும் என்ன அளக்குறாங்க?

மூணு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, மின்னூட்டம் மாத்திக்கிற முறை. உள்ள எப்பவும் கொஞ்சம் கார்பன் கலப்பு இருக்கும், ஆறு எலக்ட்ரானும் கழண்ட வெறும் கரு. பீம்ல வர்ற ஹைட்ரஜன் அணு பக்கத்துல போனா, கார்பன் அதோட எலக்ட்ரான எடுத்துக்கும். அந்த எலக்ட்ரான் உயரமான படியில போய் உக்காரும், அப்புறம் கீழ இறங்கும்போது, எட்டாவது படியிலிருந்து ஏழாவதுக்கு வரும்போது, 529.1 நானோமீட்டர்ல பச்சை வெளிச்சம் விடும். இந்த ஒரு பச்சைக் கோட்டுல மூணு அளவு ஒளிஞ்சிருக்கு. கோடு எவ்வளவு அகலம்ங்கிறது வெப்பநிலை, எந்தப் பக்கம் நகர்ந்திருக்குங்கிறது பிளாஸ்மா சுத்துற வேகம், எவ்வளவு பளிச்சுன்னு இருக்குங்கிறது கார்பன் எவ்வளவு இருக்குங்கிறது. மொத ரெண்டும் டாப்ளர் விளைவு, அதாவது வெளிச்சம் விடுறது நகர்ந்தா அலைநீளம் மாறித் தெரியிறது, நாம வகுப்புல படிக்கிற அதே பாடம். 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 1 கோடியே 16 லட்சம் டிகிரியில இருக்கிற கார்பனுக்கு அந்தக் கோடு பாதி உயரத்துல 0.37 நானோமீட்டர் அகலம் இருக்கும், சூடு நாலு மடங்கானா அகலம் ரெண்டு மடங்கு ஆகும். பீம் பாதையும் நாம பாக்கிற பார்வைக் கோடும் வெட்டுற இடத்துலதான் இந்த வெளிச்சம் வருது, அதனால பல லென்ஸ் வச்சு பல இடத்த பாத்தா உள்ள இடம் இடமா வெப்பநிலை கிடைக்கும். 1977ல அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல ஆர்மாக்ங்கிற டோகாமாக்ல, பீம் போகும்போது ஆக்ஸிஜன் இப்படி எலக்ட்ரான் எடுத்துக்கிறத வெளிச்சத்துல பாத்தாங்க, அங்கிருந்து இந்த முறை வளர்ந்துச்சு.

ரெண்டாவது, பீமோட சொந்த வெளிச்சம். பீம் அணு பிளாஸ்மாவுல மோதி மின்னும், ஹைட்ரஜனோட சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டர். ஆனா பீம் ஓடிட்டே இருக்கிறதால அந்தக் கோடு டாப்ளரால நகர்ந்து தனியா நிக்கும், ஓரத்துல நிக்கிற சாதாரண ஹைட்ரஜன் வெளிச்சத்தோட கலக்காது. அந்த வெளிச்சம் துடிக்கிறத வேகமா பதிவு பண்ணா பிளாஸ்மா அடர்த்தி எப்படி அலைபாயுதுன்னு தெரியும். சூடு ஏன் கசிஞ்சு வெளிய போகுதுங்கிற கேள்விக்கு பதில் தேடுறவங்க இத ரொம்ப நம்பியிருக்காங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப அழகா தெரியிறது. காந்தப்புலத்த குறுக்கா வேகமா கடக்கிற அணுவோட பார்வையில அங்க ஒரு மின்புலம் இருக்கும், வேகத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்குனா வர்றது. 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹைட்ரஜன், 2 டெஸ்லா புலம், பெருக்கிப் பாருங்க, ஒரு மீட்டருக்கு 60 லட்சம் வோல்ட்! அவ்வளவு பெரிய மின்புலத்துல அந்த சிவப்புக் கோடு பல கோடா பிரியும், இதுக்கு ஸ்டார்க் விளைவுன்னு பேரு, பிரிஞ்ச கோடுகளோட ஒளியலை எந்த திசையில அதிருதுன்னு பாத்தா அந்த இடத்துல காந்தப்புலம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். அதுல இருந்து பிளாஸ்மாவுக்குள்ள கரண்ட் எங்க எவ்வளவு ஓடுதுன்னு கணக்குப் போடலாம். 1989ல பிரின்ஸ்டன்ல பிபிஎக்ஸ் எம் டோகாமாக்ல ஃப்ரெட் லெவின்டன் குழு இத செஞ்சு காட்டுனாங்க. தொட முடியாத ஒரு நெருப்போட நடுவுல காந்தக்கோடு எந்தக் கோணத்துல ஓடுதுன்னு வெளிச்சத்த மட்டும் வச்சு சொல்றாங்க, இத விட பெரிய கைவண்ணம் பிஸிக்ஸ்ல எனக்கு தெரிஞ்சு கொஞ்சம்தான்.

பிளாஸ்மாவுக்கு சூடு ஏத்துறதுக்கே நியூட்ரல் பீம் ஏற்கெனவே இருக்கே, அளக்க எதுக்கு தனியா இன்னொண்ணு?

சூடு ஏத்துற பீம வச்சே அளக்கிற மெஷின் நிறைய இருக்கு, ஜெட்ல அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா சூடு ஏத்துற பீம் பிளாஸ்மாவையே மாத்திடும், தள்ளி சுத்த வைக்கும், அப்போ பீம் இல்லாத பிளாஸ்மா எப்படி இருக்கும்னு பாக்க முடியாது. அளக்கிறதுக்குன்னே செய்ற பீம் மெல்லிசு, பவர் கம்மி. சுவிட்சர்லாந்துல லோசான்ல இருக்கிற டிசிவி டோகாமாக்ல அப்படி ஒண்ணு இருக்கு, 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பவர் 100 கிலோவாட்டுக்கு கீழ.

ஐட்டர்ல காரணம் இன்னும் ஆழமானது. அங்க சூடு ஏத்துற பீம் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் டியூட்டீரியம், ஒரு நியூக்ளியானுக்கு (கருவுல இருக்கிற புரோட்டான் இல்லன்னா நியூட்ரான் ஒண்ணுக்கு) 500 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு வேகமா போற அணுகிட்ட இருந்து எலக்ட்ரான வாங்கிக்கிறதுக்கு உள்ள இருக்கிற கருவுக்கு வாய்ப்பே ரொம்ப கம்மி, 100 கிலோவுக்கு மேல போகப் போக அந்த வாய்ப்பு சரசரன்னு விழுந்துடும். மெதுவா விட்டா வாய்ப்பு கூடும், ஆனா உள்ள வரைக்கும் போய்ச் சேராது. நம்ம தோட்டத்துப் பாதையில காலையில பனிமூட்டத்துல மோட்டோ லைட் போட்டா எப்படி, பனி அடர்த்தியா இருந்தா வெளிச்சம் கொஞ்ச தூரத்துலயே கரைஞ்சிடுதோ, அப்படித்தான் பீமும் பிளாஸ்மாவுல போகப் போக கரையும். ஐட்டர் பிளாஸ்மாவுல ஓரத்துலிருந்து நடுவுக்கு 2 மீட்டர். ரெண்டு பக்கமும் பாத்து எடுத்த முடிவுதான் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹைட்ரஜன்.

ஐட்டர்ல அத வச்சு முக்கியமா என்ன பாக்கப் போறாங்க?

ஹீலியம் சாம்பல. ஃபியூஷன்ல பொறக்கிற ஹீலியம் தன் சூட்ட பிளாஸ்மாவுக்கு குடுத்துட்டு வெளிய போயிடணும், போகாம உள்ளயே சேந்துக்கிட்டா எரிபொருளோட இடத்த அடைச்சிடும். எவ்வளவு சேந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் ரியாக்டர் ஓட்ட முடியும். ஹீலியம் கரு பீம்ல இருந்து எலக்ட்ரான் எடுத்தா 468.6 நானோமீட்டர்ல நீல வெளிச்சம் விடும், அத எண்ணணும். சிக்கல் என்னன்னா ஓரத்துல இருக்கிற ஹீலியமும் அதே நீலத்த விடும். அதனால பீம தொடர்ந்து விடாம விநாடிக்கு 5 தடவை ஆன் ஆஃப் பண்ணுவாங்க, ஆன்ல இருக்கும்போது வர்ற வெளிச்சத்துல இருந்து ஆஃப்ல வர்றத கழிச்சா பீம் தந்தது மட்டும் மிஞ்சும்.

நெகட்டிவ் அயன் சோர்ஸ்ன்னு ஒண்ணு இருக்காமே டீச்சர், அது எதுக்கு?

100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல ஓடுற புரோட்டான் வாயுகிட்ட எலக்ட்ரான் பறிக்கிறது கஷ்டம், நியூட்ரல் ஆகுறது ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு இறங்கிடும், இன்னும் வேகம் கூடுனா ஒண்ணுமே தேறாது. அதுக்கு பதிலா ஹைட்ரஜனுக்கு ஒரு எலக்ட்ரான கூட ஒட்டி மைனஸ் அயனா வேகப்படுத்துனா, அந்த எக்ஸ்ட்ரா எலக்ட்ரான் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட்லதான் ஒட்டியிருக்கு, லேசா தட்டுனாலே கழண்டுடும், வேகம் எவ்வளவு இருந்தாலும் சுமார் 60 விழுக்காடு நியூட்ரல் ஆகும்.

கழட்டுறது சுலபம்னா ஒட்ட வைக்கிறது கஷ்டம். இதுக்கு சீசியம் வேணும். சோர்ஸோட மொத கிரிட் மேல சீசியம் மெல்லிசா படிஞ்சா அந்த உலோகம் எலக்ட்ரான சுலபமா விட்டுக்குடுக்கும், வந்து மோதுற ஹைட்ரஜன் அணு ஒண்ண எடுத்துக்கிட்டு திரும்பும். 1971ல ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க்ல வாடிம் டுட்னிகோவ் கண்டுபுடிச்ச வழி இது, இன்னைக்கு வரைக்கும் இதுதான் ஓடுது. சீசியம் 28.5 டிகிரியில உருகிடும், நம்ம ஊரு மத்தியான வெயிலுக்கு கண்ணாடிக் குழாய்க்குள்ளயே தண்ணியா ஓடும், காத்து பட்டா தீப்புடிக்கும், அத ஒரு பெரிய சோர்ஸ்க்குள்ள எல்லா இடத்துலயும் சமமா படிய வைக்கிறது இன்னும் பலரோட தூக்கத்த கெடுக்கிற வேலை. மைனஸ் அயனோட சேந்து சும்மா எலக்ட்ரானும் வெளிய வரப் பாக்கும், அத கிரிட்குள்ள பதிச்ச சின்ன காந்தம் வச்சு ஒதுக்கிடுவாங்க, ஒதுக்குன எலக்ட்ரானோட சூட்ட அந்த கிரிட் தாங்கணும்.

இதெல்லாம் யாரு செய்றாங்க? நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?

ஐட்டரோட அளக்கிற பீம செஞ்சு குடுக்கிற பொறுப்பு முழுசா இந்தியாவோடது. குஜராத்ல காந்திநகர் பக்கத்துல இருக்கிற பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகமும் ஐட்டர் இந்தியாவும் செய்றாங்க, ஆதித்யா டோகாமாக் 1989ல ஓட ஆரம்பிச்சது அங்கதான். 100 கிலோவோல்ட், 60 ஆம்பியர் நெகட்டிவ் ஹைட்ரஜன், கணக்குக்கு 6 மெகாவாட், நியூட்ரலைசரையும் வழிய இழக்கிறதையும் தாண்டி பிளாஸ்மாவுக்குள்ள போறது அதுல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான். ரோபின்னு ஒரு சின்ன சோர்ஸ்ல ஆரம்பிச்சு படிப்படியா போறாங்க.

ஐரோப்பாவுல, ஜெர்மனியில கார்ஹிங்ல எலிஸ்ன்னு பாதி அளவு சோர்ஸும், இத்தாலியில பதுவாவுல ஸ்பைடர்ன்னு முழு அளவு சோர்ஸும் இருக்கு, ஸ்பைடர் 2018ல ஓட ஆரம்பிச்சது, அதோட பீம வாங்கிக்கிற தட்டு இந்தியாவுல இருந்து போனது. பாசிட்டிவ் அயன் வகையில நோவோசிபிர்ஸ்க்ல இருக்கிற பட்கர் கழகம்தான் ரொம்ப பேர் வாங்குனவங்க, டெக்ஸ்டர், அல்கேட்டர் சி மாட், டிசிவின்னு பல மெஷினுக்கு அளக்கிற பீம் செஞ்சு குடுத்தது அவங்கதான்.

ஹைட்ரஜன்தான் வேணுமா?

இல்ல. ஓரத்த மட்டும் பாக்கணும்னா லித்தியம், சோடியம் பீம் நல்லா இருக்கும். லித்தியம் 670.8 நானோமீட்டர்ல சிவப்பா மின்னும், சோடியம் 589ல மஞ்சளா. ஒரு பீங்கான் மாதிரி பொருள ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்குனா அதுல இருந்து லித்தியம் அயன் தானா வெளிய வரும், சோர்ஸ் சின்னதா இருக்கும், கரண்ட் சில மில்லி ஆம்பியர்தான். புடாபெஸ்ட்ல இருக்கிற ஹங்கேரி குழு இந்த மாதிரி பீம பல நாட்டு மெஷினுக்கு செஞ்சிருக்காங்க. ஹீலியம் வாயுவ சும்மா ஊதிவிட்டு அதோட வெளிச்சக்கோடுகளோட விகிதத்துல இருந்து எலக்ட்ரான் சூட்டையும் அடர்த்தியையும் சொல்றதும் உண்டு.

ஆபத்தா இருக்குமா?

சோர்ஸ் பக்கத்துல ஆள் நிக்கவே கூடாது, ஓடும்போது அறைய பூட்டிடுவாங்க. உயர் வோல்டேஜ் மொத ஆபத்து. பின்னால பாயிற எலக்ட்ரான் உலோகத்துல மோதி எக்ஸ்ரே வரும். டியூட்டீரியம் போட்டா நியூட்ரானும் வரும். ஊருக்கு ஆபத்தான்னு ஒரு ஆண்ட்டி கேட்டாங்க, சுவிட்ச அணைச்சா பீம் அந்த நொடியே நின்னுடும் ஆண்ட்டி, தானா எரிஞ்சிட்டே இருக்காது.

மலேசியாவுல இது இருக்கா?

நியூட்ரல் பீம் இங்க இல்ல, ஐட்டர்லயும் நாம உறுப்பு நாடு இல்ல. ஆனா பிளாஸ்மா ஆராய்ச்சி மலாயாப் பல்கலைக்கழகத்துல ரொம்ப காலமா நடக்குது. பேராசிரியர் லீ சிங் அங்க பிளாஸ்மா ஆய்வகத்த வளர்த்து, 3 கிலோஜூல்ல ஓடுற ஒரு சின்ன பிளாஸ்மா ஃபோகஸ் மெஷின (மின்சாரத் துடிப்பால பிளாஸ்மாவ ஒரு புள்ளியில நெருக்குறது) வடிவமைச்சாரு, 1980களோட நடுவுல ஏழை நாட்டு ஆராய்ச்சியாளர்கள கோலாலம்பூருக்கு வரவழைச்சு பயிற்சி குடுத்து, மெஷினையும் கையில குடுத்து அனுப்புனாங்க. பெரிய பணம் இல்லாத நாடும் உண்மையான ஃபியூஷன் பிஸிக்ஸ் செய்யலாம்னு காட்டுன வேலை அது, நம்ம பிள்ளைங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பக்கத்துல தாய்லாந்துல நக்கோன் நாயோக்ல 2023ல ஒரு டோகாமாக் ஓட ஆரம்பிச்சிருக்கு, சீனாகிட்ட இருந்து வந்த பழைய மெஷின அடிப்படையா வச்சது. இங்கிருந்து பாத்தா பிரான்ஸவிட ரொம்ப கிட்ட.

நான் செம்பனை மில்லுல சார்ஜ்மேன், மின்சார வேலைக்கு பொறுப்பு, டிகிரி இல்ல. இந்த மாதிரி இடத்துல எனக்கு என்ன வேலை இருக்கும்?

அண்ணே, இந்த கேள்விக்கு கொஞ்சம் அழுத்தமாவே பதில் சொல்றேன். பீம் சோர்ஸ்ங்கிறது பேப்பர்ல இருக்கிற பிஸிக்ஸ் மட்டும் இல்ல, உயர் வோல்டேஜ், வேக்குவம், தண்ணி கூலிங், வெல்டிங், கசிவு கண்டுபுடிக்கிறது, பம்ப் பராமரிப்பு, இன்டர்லாக்னு எல்லாம் சேந்தது. ஒரு பீம் லைன்ல விஞ்ஞானிக்கு சமமா டெக்னீஷியன் வேணும், ஒரு வெல்டிங்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை இருந்தாலும் மொத்த மெஷினும் நிக்கும். உயர் வோல்டேஜ்ல கை வைக்கிறதுக்கு முன்னால லைன அணைச்சு, டெஸ்ட் பண்ணி, எர்த் போடணும்ங்கிற பழக்கம் உங்களுக்கு ரத்தத்துல இருக்கு, அது எந்த காலேஜும் சீக்கிரத்துல சொல்லித் தர முடியாத விஷயம். நேரா ஐட்டருக்கு போயிடலாம்னு நான் சொல்லல, நாடு, மொழி, காண்ட்ராக்ட்னு நிறைய தடை இருக்கு. ஆனா கூலிம்ல சிப் ஃபேக்டரி இருக்கே, அங்க சிலிக்கான்ல அயன் பாய்ச்சுற மெஷின் ஓடுது, அதுவும் அயன் சோர்ஸ், உயர் வோல்டேஜ், வேக்குவம்தான். அந்த மெயின்டனன்ஸ் வேலைக்கு வேக்குவம் கோர்ஸ் ஒண்ணு முடிச்சிட்டு முயற்சி பண்ணுங்க.

என் மக எஸ்.டி.பி.எம் (படிவம் 6 தேர்வு) எழுதப் போறா, இதுல ரொம்ப ஆர்வமா இருக்கா. எங்க ஆரம்பிக்கணும்?

பிஸிக்ஸும் கணக்கும் நல்லா வரட்டும், குறிப்பா மின்காந்தம், அணு நிறமாலை, டாப்ளர். பல்கலைக்கழகத்துல பிஸிக்ஸ் எடுக்கலாம், மின்னியல் பொறியியல்ல இருந்தும் வரலாம். பைத்தான் கொஞ்சம் எழுதப் பழகட்டும், அளவெல்லாம் கடைசியில கம்ப்யூட்டர்லதான் வந்து உக்காருது. இங்க்லிஷ் பயம் வேணாம், அது படிக்கப் படிக்க வந்துடும்.

அதுக்கு முன்னால இந்த ஒரு கணக்க போடச் சொல்லுங்க, அவ படிச்சத வச்சே போடலாம். 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹைட்ரஜன் அணுவோட வேகம் என்ன? அது நேரா நம்மள நோக்கி வந்தா 656.3 நானோமீட்டர் கோடு எவ்வளவு நகரும், 60 டிகிரி கோணத்துல இருந்து பாத்தா எவ்வளவு? விடை விநாடிக்கு சுமார் 31 லட்சம் மீட்டர், அப்புறம் 6.8 நானோமீட்டர், 3.4 நானோமீட்டர்னு வரணும். அதுக்கப்புறம் பாதி எனர்ஜியும் மூணுல ஒரு பங்கு எனர்ஜியும் எங்க விழும்னு போட்டு, மூணு கோட்டையும் ஒரே கிராஃப்ல வரைஞ்சு சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துட்டு வரட்டும், நான் பாக்கிறேன்.